தீனா எடுத்துப்போன முகம்

எதைக் கையில் கொடுத்தாலும் தீனா அண்ணன் முதலில் அதை நகத்தால் இரண்டு முறை சுண்டுவார். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் குடம், பஸ்ஸின் பக்கத் தகரம், எங்கள் வீட்டுக் கதவு, எதுவானாலும். சுண்டிவிட்டுத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் சாப்பிடுவது, தூக்குவது, ஏறுவது எல்லாம். புளியந்தோப்பில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் அவர் எங்களுக்கு எதிர்வீடு. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து இந்தச் சுண்டலைக் கேட்டு வளர்ந்தவள். என் அம்மா ஒரு முறை புதிதாக எவர்சில்வர் குடம் வாங்கி வந்தாள். அவர் அதைச் சுண்டிப் பார்த்து, "அடில தகடு மெல்லிசா கீதுக்கா, ஆறு மாசம்தான் வரும்" என்றார். ஐந்தாம் மாதம் குடம் ஒழுகியது. அம்மா கடைக்காரனைத் திட்டவில்லை, தீனா அண்ணனைத்தான் திட்டினாள்.

"உன் வாயில வந்துதான் ஓட்டை ஆச்சு."

"நான் இன்னாக்கா பண்ணேன், ரெண்டு தபா சுண்டனேன், அவ்ளோதான்."

விம்கோ நகர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் அவருக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளில் நசுங்கியதைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துவார். துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டுப் போடுவார். பெயின்ட் அடித்த பெட்டியில் துரு எங்கே உள்ளுக்குள் தின்றிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சுண்டினால் தெரியும். பகலில் பெட்டி அடிக்கும் அதே கை, சாயங்காலம் டிரம்ஸ் வாசிக்கும்.

'அப்பாவு' என்கிற ராக் குழுவை இன்று தெரியாத காலேஜ் பிள்ளைகள் குறைவு. சென்னையிலிருந்து கிளம்பி பெங்களூர், மும்பை, சிங்கப்பூர் என்று போய்விட்டவர்கள். அவர்களுடைய கறுப்பு பனியனில் ஒரு ஆள் முகம் அச்சாகியிருக்கும். கொஞ்சம் ஒன்றரைக் கண், அடர்ந்த மீசை. அது யார் முகம் என்று பனியன் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒரு வரைபடம் போடுகிறார்கள். இவர்கள் பெரிய ஆளாகும் முன்பு யார் எந்தக் குழுவில் இருந்தார், இப்போது தனியாக யார் எந்தக் குழு வைத்திருக்கிறார் என்று கோடு கோடாக. பாடுகிற ஹுமாயூன் முன்பு மெல்லிசைக் குழுவில் இருந்தார். கிடார் வாசிக்கும் கஸ்பார் ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு நடத்தினார், இன்னும் நடத்துகிறார். பேஸ் கிடார் வாசிக்கும் சுயம்பு, ஊர்ப்பக்கத்துக் கோயில் கொடைக்குப் பக்திப் பாட்டு கேசட் போட்டார். எல்லா வரைபடத்திலும் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 'முன்னாள் டிரம்ஸ்: தீனா' என்று ஒரு வரி. வரலாறு பி.ஏ. படித்தவள் என்பதால் எனக்கும் வரைபடத்தில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். போட்டு முடித்தபோது எல்லாக் கோடும் அந்த மூலை வழியாகத்தான் போயிற்று.

ஏனென்றால் அந்தக் குழுக்கள் எல்லாவற்றிலும் டிரம்ஸ் ஒன்றுதான். வாசித்த ஆளும் ஒருவர்தான்.

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டில் நடந்தது இது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல் என்றால் தீனா அண்ணன் 'நீலக்கடல் இன்னிசைக் குழு'. அங்கே பாடகர் ஹுமாயூன். கல்மண்டபத்தில் கேசட் கடை வைத்திருந்தார், யார் குரலிலும் பாடுவார். டிசம்பர் வந்தால் கஸ்பாரின் 'விண்மீன் குழு', ராயபுரம் தெருத்தெருவாக. கஸ்பாருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாக்டரி வேலை, கிடார் பிடிக்கும் விரல் எப்போதும் விறைத்துத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் யானைக்கவுனியில் சுயம்புவின் மாமா கடை கோடவுனில், இரும்புக் குழாய்களுக்கு நடுவில், இந்த நாலு பேரும் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் போட்டு வாசித்தார்கள். அந்தக் குழுவுக்குப் பெயரே இல்லை.

இன்னொன்று 'அப்பாவு நினைவுக் குழு'. அது சாவுக்கு.

அப்பாவு மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் தெருவில் யார் செத்தாலும் விடிய விடிய கானா பாடுகிறவர். யார் வீட்டுச் சாவுக்கும் காசு வாங்கமாட்டார். தொண்ணூற்றாறில் ஒரு நாள் மூட்டையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை. அவர் பெயரில் தெருப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் நினைவுக் குழு. அதுவும் காசு வாங்காது. பெரிய டிரம் ஒன்று எப்படியோ கிடைத்தது. அதை யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் சிக்கல். சாவுக்கு அடிக்கிற மேளத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எந்தக் குடும்பமும் ஒப்பவில்லை. அப்பாவு மாமாவின் மனைவி கெங்கம்மா, தெருமுனையில் இட்லி சுடுகிறவர், "என் வூட்ல வைங்கடா, அவர் பேரு தானே கீது" என்றார்.

அந்த டிரம்முக்கு முன்பக்கத் தோல் இரண்டு. ஒன்றில் நீல அலை வரைந்திருக்கும், அது நல்ல காரியத்துக்கு. இன்னொன்றில் அப்பாவு மாமாவின் முகமும் கீழே குழுவின் பெயரும், அது சாவுக்கு. சாவுக்கு அடித்த தோலோடு கல்யாண வாசலில் போய் நின்றால் அடி விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் வளையத்தில் இருக்கும் பத்து ஸ்குரூவையும் கழற்றித் தோலை மாற்றவேண்டும். அதற்கென்று கையளவில் ஒரு சாவி இருக்கிறது. தீனா அண்ணன் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்.

முகம் வரைந்தவர் போர்டு எழுதும் ஒரு ஓவியர். பார்த்து வரைய இருந்தது துறைமுகத்து பாஸில் ஒட்டியிருந்த தபால்தலை அளவு படம் மட்டும். கல்யாணப் படம் ஒன்று இருந்தது, ஓட்டேரி நாலாக் கால்வாய் பொங்கி வந்த ஒரு மழையில் அது போய்விட்டது. கெங்கம்மா அத்தை பக்கத்திலேயே குந்தி வரைய வைத்ததைத் தெருவே இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

"காதுல பீடி போடு."

"பாஸ்ல பீடி இல்லம்மா."

"பாஸுக்கு இன்னா தெரியும்? பீடி இல்லாங்காட்டி அது யாருன்னு எனக்கே தெரியாது. இடது காதுல போடு."

போட்டார். பாஸை அலுவலகத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அந்தத் தோலில் இருந்த முகம்தான் அத்தையிடம் மிஞ்சிய ஒரே படம். சாவு இல்லாத நாளில் டிரம் மூலையில் சுவரைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து நிற்கும். அமாவாசைக்கு அமாவாசை அதன்முன் விளக்கேற்றுவார்.

இரண்டாயிரம் ஜனவரியில், நகரத்தின் தெற்கே ஒரு பெரிய காலேஜில் ராக் இசைப் போட்டி. வெளியாட்களும் வரலாம் என்று போட்டிருந்தது. நான் அப்போது பிளஸ் டூ. எங்கள் மாடியில் இங்கிலீஷில் படிவம் நிரப்பத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னைக் கோடவுனுக்குக் கூட்டிப்போனார்கள்.

"குழு பேரு இன்னா போடட்டும்?" என்றேன்.

கஸ்பார், "பிளாக் ஆங்கர்" என்றார்.

"ஏல, கப்பல் சாமான் கடைப் பேரு மாதிரி இருக்கு" என்றார் சுயம்பு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பத்து வருஷம் யானைக்கவுனியில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"கடைல குந்தறவன் நீ. உனுக்கு எல்லாம் கடையாத்தான் தெரியும்."

ஹுமாயூன் பெயர் இல்லாமலே வாசிக்கலாம் என்றார். முக்கால் மணி நேரம் சண்டை. கடைசியில் தீனா அண்ணன் குழாய் ஒன்றைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே, "ரமா, அந்த எடத்த சொம்மா உடு. அப்பால எய்திக்கலாம்" என்றார். நான் விட்டேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த வெற்றிடம்தான் காரணமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நானே ஏதாவது ஒன்றை எழுதியிருக்கலாம்.

போட்டி அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். நினைவுக் குழு மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு மணிவரை வாசித்துவிட்டு, சுடுகாட்டுப் பாதையிலிருந்து டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தோலை மாற்றலாம் என்றால், கழுத்தில் சாவி இல்லை. கூட்டத்தில் கயிறு அறுந்திருக்கும் என்று நினைத்தார்கள். யார்டில் ஸ்பானர் இருக்கிறது, யார்டு ஞாயிறு பூட்டு. டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறார்.

"துண்டு போட்டு மூடிடலாம் மாமு" என்றார் ஹுமாயூன்.

மூடினார்கள். மேடையில் டிரம்மை வைக்கும்போது துண்டு நழுவியது. அறிவிப்பாளர், நல்ல சட்டை போட்ட ஒரு மாணவர், படிவத்தைப் பார்த்தார். பெயர் இல்லை. டிரம்மைப் பார்த்தார். தமிழ் எழுத்து கூட்டித்தான் படிப்பார் போலிருக்கிறது. 'அப்பாவு' வரைக்கும் வந்தார், அதற்குக் கீழே இருந்த 'நினைவுக் குழு'வுக்குப் பொறுமை இல்லை. "அடுத்து, அப்பாவு" என்று மைக்கில் சொன்னார்.

அரங்கம் சிரித்தது. கஸ்பார் முகம் செத்துப்போனது. தீனா அண்ணன் மட்டும் சிரிக்காமல், காலையில் வாசித்த சாவு அடியையே எடுத்தார். கை இன்னும் அதில்தான் இருந்தது, வேறு வரவில்லை என்று பிறகு சொன்னார். அதன்மேல் கஸ்பார் ஏறினார், சுயம்பு ஏறினார். மூன்றாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. முடிக்கும்போது அத்தனை பேரும் எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்தினார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவர்கள் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தபோது கெங்கம்மா அத்தை வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கடா இட்டுகினு போன அவர?"

"காலேஜுக்கு அத்தே."

"இன்னா, படிக்கவா?"

"அல்லாரும் எய்ந்து நின்னு அவர் பேர சொன்னாங்க அத்தே. அப்பாவு அப்பாவுன்னு."

"எத்தினி பேரு?"

"ரெண்டாயிரம் பேரு இருக்கும்."

"உயிரோட இருந்தப்ப மேஸ்திரி ஒருத்தன்தான் கூப்டுவான், அதுவும் திட்டறதுக்கு" என்றார் அத்தை. பிறகு, "இட்டுகினு போ. ஆனா அமாவாசைக்கு முன்ன வூட்டுக்கு வந்துரணும். சொல்லு."

"வந்துரும் அத்தே."

"எம் மேல கைய வெச்சி சொல்லு."

வைத்துச் சொன்னார். சாவி ஒரு வாரம் கழித்து அத்தையின் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடைத்தது. "உங்கிட்ட நிக்காது" என்று அத்தையே அதைக் காலண்டர் ஆணியில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு வருஷம் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குழு புது டிரம் செட் வாங்கியது. பழைய டிரம் அத்தை வீட்டிலேயே இருக்க, தோல் மட்டும் போகும், வரும். எங்கே கச்சேரி என்றாலும் அமாவாசைக்கு முதல் நாள் தீனா அண்ணன் அதைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு தெருவில் வருவார். அத்தை வாங்கி முதலில் காதைப் பார்ப்பார், பீடி இருக்கிறதா என்று. பழைய டிரம்மில் மாட்டி, சாவியால் முறுக்கி, நகத்தால் இரண்டு முறை சுண்டிவிட்டுத்தான் அவர் கிளம்புவார். நானே பார்த்திருக்கிறேன். ஊரெல்லாம் பேசுகிற குழுவின் டிரம்ஸ்காரர், இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு ஸ்குரூ முறுக்கிக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரத்து இரண்டில் பெங்களூரில் பெரிய கச்சேரி. டி.வி.யில் காட்டினார்கள். அந்த மாத அமாவாசைக்குத் தோல் வரவில்லை.

"அவங்க கைல கீது அத்தே. அடுத்த மாசம் வாங்கியாறேன்."

அடுத்த மாதமும் அதையே சொன்னார். சில மாதங்களில் குழுவைவிட்டே விலகிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஒத்து வர்ல" என்பதோடு சரி. யார்டுக்குப் போனார், வந்தார். கல்யாணத்துக்கு வாசிப்பதில்லை, கஸ்பாரின் டிசம்பர் குழுவுக்கும் போவதில்லை. சாவுக்கு மட்டும் வாசித்தார், முன்தோல் இல்லாத டிரம்மில். அலை வரைந்த தோலைச் சாவுக்கு மாட்டக்கூடாது. அந்தப் பக்கம் கிணறு மாதிரி திறந்து கிடக்கும். அத்தை வீட்டுப் பக்கம் போகவேண்டி வந்தால் பையன் யாரையாவது அனுப்பி டிரம்மை வாங்கிக்கொள்வார்.

தெரு மிச்சத்தைத் தானே பேசி முடித்தது. பெரிய ஆளானதும் தோஸ்து எல்லாம் தீனாவைக் கழற்றிவிட்டார்கள், ஒரு விதவையின் புருஷன் படத்தைப் பிடுங்கி பனியன் அடித்து விற்கிறார்கள் என்று. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அப்போது காலேஜில் மூன்றாம் வருஷம், எழுத்தால் நியாயம் கேட்க முடியும் என்று புதிதாகக் கண்டுபிடித்திருந்த வயது. ஒரு சிறுபத்திரிகையில் நாலு பக்கம் எழுதினேன். கஸ்பாரையும் ஹுமாயூனையும் சுயம்புவையும் பெயர் சொல்லித் திட்டியிருந்தேன். பத்திரிகை வந்ததும் தீனா அண்ணனிடம்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து மெதுவாக முழுவதும் படித்தார். மூடினார். அட்டையை நகத்தால் இரண்டு முறை சுண்டினார்.

"எப்டி கீதுண்ணா?"

"பேப்பரு கெட்டியா கீது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு அடக்கம் என்று நினைத்து அந்தக் கோபத்தையும் மரியாதையாக மாற்றிக்கொண்டேன். இரண்டாயிரத்து ஏழில் அவர் ஓமனில் சலாலா துறைமுகத்துக்குப் போனார், அங்கேயும் கண்டெய்னருக்கு ஒட்டுப் போடுகிற வேலை. வழியனுப்பப் போன டாக்சியின் கதவைச் சுண்டிவிட்டுத்தான் ஏறினார்.

இதெல்லாம் சென்ற டிசம்பர்வரை எனக்கு ஒழுங்காக இருந்த கதை. இந்த வரைபடத்துக்காகக் கஸ்பாரைப் பார்க்கப் போனேன். ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் விண்மீன் குழு ஒத்திகை. வெளிநாடெல்லாம் வாசித்துவிட்டு வந்த ஆள், பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு நடுவில் குல்லா போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"நீதானா அந்த ரமாபாய்" என்றார். "நாலு பக்கம் நல்லாத்தான் திட்டியிருந்த. எங்கம்மா படிச்சிட்டு ரெண்டு நாளு எனக்குச் சோறு போடல."

நான் தோலைப் பற்றிக் கேட்டேன். அத்தையிடம் ஏன் திருப்பித் தரவில்லை என்று.

அவர் என்னைப் பார்த்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, நான் ஏதோ தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறேன் என்று.

"அத அன்னிக்கே தீனா எடுத்துகினு போய்ட்டான்மா. பெங்களூர்லயே."

பிறகு நடந்ததைச் சொன்னார். கச்சேரிக்கு முன் சவுண்டுக்காரர் வந்து டிரம்மைப் பார்த்தாராம். முன்தோலில் ஓட்டை இல்லாமல் மைக்கை உள்ளே வைக்க முடியாது, ஓட்டை போடவில்லை என்றால் கடைசி வரிசைக்கு அடி கேட்காது என்றாராம். எல்லாக் குழுவும் போடுவதுதான். நாங்கள் மூன்று பேரும் வேண்டாம் என்றோம், வேறு தோல் மாட்டலாம் என்றோம், என்றார் கஸ்பார். வெளியே முப்பதாயிரம் பேர் அப்பாவு அப்பாவு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முகம் இல்லாமல் எப்படிப் போவது என்று தீனா சொன்னாராம். பிளேடை வாங்கியது அவர்தான். வளையத்துக்குப் பக்கத்தில், வலது ஓரமாக, சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டார். முகத்தில் படாது என்றுதான் நினைத்தார். அவசரம். வெட்டி எடுத்த பிறகுதான் பார்த்தார்கள், இடது காதும் அதில் சொருகியிருந்த பீடியும் அந்த வட்டத்தோடு வந்திருந்தன.

"வாசிச்சான்மா அன்னிக்கு. அப்டி ஒரு வாசிப்ப நான் கேட்டதே இல்ல. முட்ச்சிட்டு வந்து அந்த வட்டத்தக் கையில வெச்சிகினு குந்திட்டான். புதுசா ஒண்ணு வரைஞ்சி அத்தைக்குக் குடுப்போம்னேன். எதப் பாத்துடா வரைவ, பாஸ் கூட இல்லன்னான். பனியனுக்கு எடுத்த போட்டோ கீதேன்னேன், அது தோலோட படம், அவரோடது இல்லன்னான். தோலையும் வட்டத்தையும் போர்வைல சுத்தி எடுத்துகினான். அப்பால நாலு கச்சேரி வேற தோல்ல வாசிச்சான், அடியே உய்ல. போய்ட்டான்."

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல? ஊரே உங்களத் திட்டிச்சே."

"அவன் சொல்லாதத நான் எப்டிம்மா சொல்றது" என்றார் கஸ்பார். பிள்ளைகள் அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தார்கள். குல்லாவைச் சரிசெய்துகொண்டு கிடாரை எடுத்தார்.

அன்றே சலாலாவுக்கு போன் போட்டேன். கஸ்பாரைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சம்மட்டிச் சத்தம்தான் கேட்டது.

"சொல்லிட்டானா?"

"சொன்னாரு."

"இங்கதான் கீது ரமா. கட்டிலுக்குக் கீய. இரும்பா இருந்தா ஒரு மணி நேர வேலை, நானே ஒட்டுப் போட்டுருப்பேன். இத எத வெச்சி ஒட்டனாலும் முறுக்கும்போது பிச்சிக்குது. ஏயு வருசமா பாக்கறேன். இங்க படகு ஒட்டற பசை ஒண்ணு கீதாம். வாங்கியிருக்கேன்." பிறகு கேட்டார், "அத்தை எப்டி கீது?"

நன்றாக இருக்கிறார் என்றேன். உண்மையில் நான் அத்தையைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுநாளே போனேன். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் தடுமாற்றம். சொன்னால் தீனா அண்ணனைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் நான் எழுதிய பொய்யோடு அத்தையைச் சாகவிடுவதாகும். படித்த படிப்பில் இதற்கு ஒன்றும் இல்லை.

அத்தை இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும்முன் என் முகத்தைப் பார்த்தே, "இன்னா, ஓட்டைய பத்தியா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"டீக்கடை டி.வி.ல காட்னாங்களே அன்னிக்கு. தீனா வாசிக்கறான்னு தெருவே நின்னு பாத்துது. அல்லாரும் தீனாவப் பாத்தாங்க. நான் அவர இல்ல பாத்தேன். காதக் காணும். பீடியக் காணும். ஒரு கறுப்பு வட்டம்."

"அப்போ தெரியுமா உங்களுக்கு? மொதல்லேந்து?"

"தெரியாம? மறுநாளு வந்து சொல்லுவான், நாலு திட்டு திட்லாம்னு குந்திகினு இருந்தேன். வந்து அவங்க கைல கீதுன்றான். சரி, பயந்துகீறான், அடுத்த மாசம் சொல்லுவான்னு உட்டேன்." இட்லியைத் துணியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். "நீ வேற அந்தப் புள்ளைங்களத் திட்டி பத்திரிகைல எய்திட்ட."

"ஏன் அத்தே எங்கிட்டயாச்சும் சொல்லல?"

"நீ எய்திட்டு எனக்குப் படிச்சா காட்டுன?"

நான் காட்டவில்லை. அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு அவரிடம் ஒரு வரி கேட்கவில்லை.

"அண்ணன நேர்ல வரச் சொல்லவா?"

"சொல்லாத. நீ சொல்லி வந்தா அது நீ சொன்னது. தோலு ஓட்டையா இருந்தா இன்னா, அவருக்கு இன்னொரு காது கீது. இவன் வந்து, அத்தே நான்தான் வெட்டனேன்னு ஒரு வார்த்த சொல்லணும். எம் மேல கைய வெச்சி சொன்னவன்." பிறகு, "சட்னி போடட்டா?" என்றார்.

அதனால் தீனா அண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஏப்ரலில் இருபது நாள் லீவில் வந்தார். கஸ்பார் வீட்டுக்குப் போனார். யானைக்கவுனி கோடவுனுக்குப் போய் சுயம்புவோடு பழைய பாட்டு ஒன்றை வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். ஹுமாயூனின் தம்பி கல்யாணத்தில் சாப்பிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து புதுக் குக்கரைச் சுண்டிப் பார்த்து, "இது நிக்கும்க்கா" என்றார். போர்வையில் சுற்றிய ஒன்றை அலமாரியின் மேல் வைத்திருந்ததை நான் அவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு நாள் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். தெருமுனைவரை போனார். இரண்டு நாளும் அப்படியே திரும்பி வந்தார். இருபத்தோராம் நாள் அது அவரோடு சலாலாவுக்குப் போய்விட்டது.

போன அமாவாசைக்கு நான் அத்தை வீட்டில் இருந்தேன். டிரம் அதே மூலையில், வாய் திறந்தபடி அத்தையைப் பார்த்து நிற்கிறது. அத்தை அதன்முன் விளக்கேற்றினார். பிறகு காலண்டர் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, வெற்று வளையத்தின் பத்து ஸ்குரூவையும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மறுபடி முறுக்கினார். ஒவ்வொரு அமாவாசைக்கும் இதைச் செய்கிறாராம்.

"துரு ஏறிட்சின்னா அவன் வர்ற அன்னிக்கு மாட்ட முடியாது" என்றார்.